வீட்டு ஞாபகம்: பொருத்தமான கட்டத்தில் குறியிடவும்

டீனெக், நியூ ஜெர்சி
ஜூலை 21

பேரன்புள்ள ரோண்டா அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி ஹோவர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி டெப்ராவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே ஃப்ளோரிடாவில் நீயும், உன் புது முழங்காலும், மெல்வின் அத்தானும், அவருடைய கோல்ஃப் மட்டைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மேலே இருப்பவன் அருள் புரியட்டும். மரியாதை முடிந்தது. இனி நான் சொல்வதை எங்கேயாவது உட்கார்ந்து படி, ஏனென்றால் எல்லாம் உன்னால் வந்தது.

உன் பேச்சைக் கேட்டுத்தான் என் மகள் தாலியாவை மெய்ன் மாநிலத்துக் காட்டுக்குள் கோடை முகாமுக்கு அனுப்பினேன். "பத்து வயசாச்சு, இன்னும் அவ சாண்ட்விச்சுக்கு ஓரம் நறுக்கித் தர்றியேடா, விக்கனூசிட்டுக்கு அனுப்பு, நாலு வாரத்துல மனுஷியா திரும்பி வருவா" என்று போனில் முக்கால் மணி நேரம் ஓதியது யார்? நீ. அந்த முகாமுக்கு ஒன்பது வருஷம் போனவள் நீ. அந்த முகாம் பாட்டைக் கல்யாண வீட்டிலும் பாடுவாய், மெல்வின் அத்தானுடைய அப்பாவின் அடக்கத்திலும் பாடினாய். நானும் அங்கே போனவன்தான் என்பதையும், நாலாவது நாளே திருப்பி அனுப்பப்பட்டேன் என்பதையும் நீ ஒவ்வொரு பண்டிகைக்கும் மேஜையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாய். அது நிஜமான வயிற்றுவலி, அக்கா. நாற்பது வருஷமாகச் சொல்கிறேன்.

சரி, அனுப்பியாயிற்று. அங்கே போன் கிடையாது. பிள்ளை பேசக் கூடாது, நாமும் பேசக் கூடாது. பதிலாக முகாம்காரர்கள் தினமும் சாயங்காலம் இணையத்தில் முந்நூறு படம் போடுவார்கள், பெற்றோர் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் தங்கள் பிள்ளையைத் தேடிக்கொள்ள வேண்டியது. நீ போன காலத்தில் இந்தக் கொடுமை இல்லை, உன்னை அனுப்பிவிட்டு அம்மா நிம்மதியாகச் சீட்டாடினாள். நாங்களோ மேல்சட்டை ஒரே நிறத்தில் போட்ட நூற்றைம்பது பிள்ளைகளின் நடுவே கண்ணில் நீர் வழியத் தேடுகிறோம். மூன்றாம் நாள் ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் வந்தது. "இது தாலியா முழங்கைதான், அந்தத் தழும்பைப் பாரு" என்று சொல்லி டெப்ரா அழுதே விட்டாள். நான்தான் தைரியம் சொன்னேன். மிட்டாய்க்கும் அங்கே தடை, ஆகவே நான் ஒரு டென்னிஸ் பந்து டப்பாவுக்குள் பந்தை எடுத்துவிட்டு மிட்டாய் அடைத்து அனுப்பினேன், அதையும் முகாம் தலைவர் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தே பிடித்துவிட்டாராம். எழுபது வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற, எல்லாரும் அங்கிள் ஸ்கிப் என்று அழைக்கிற அந்த மனிதருக்கு இதே வேலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இரவுச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு எழுதின கடிதத்தை அதில் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். கடிதம் இல்லையென்றால் பொரித்த கோழி இல்லை. இப்படிப் பசியை வைத்து மிரட்டி எழுத வைத்தால் பிள்ளை என்ன எழுதும்? "அன்புள்ள அப்பா அம்மா, இது கடிதம். இப்படிக்கு தாலியா" என்றுதான் எழுதும். நான் யார்? இருபத்திரண்டு வருஷமாகக் காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருப்பவன். எங்கள் கம்பெனியில் கார் மோதினவர்கள் நிரப்புகிற படிவத்தை உருவாக்கியதே நான். ஆகவே என் மகளுக்கும் பன்னிரண்டு படிவம் அச்சடித்தேன். மேலே அவள் பெயர், எங்கள் முகவரி எல்லாம் நானே அச்சிட்டுவிட்டேன், உறையில் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அவள் செய்ய வேண்டியது கட்டத்தில் குறியிடுவது ஒன்றுதான். உணவு: நன்று, சுமார், சாப்பிடவில்லை. பல் துலக்கியது: ஆம், இல்லை, அந்தப் பேச்சு வேண்டாம். கொசுக்கடி: எண்ணிக்கை. வீட்டு ஞாபகம்: கொஞ்சம், நிறைய, ரொம்ப நிறைய, தாங்க முடியவில்லை. கடைசியில், பிற விவரங்கள்: அச்செழுத்தில், இரண்டு வரிக்கு மிகாமல். டெப்ரா பார்த்துவிட்டு, "ஹோவி, இது புள்ளையா, மோதின காரா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

முதல் படிவம் வந்தது. வீட்டு ஞாபகம்: தாங்க முடியவில்லை. குறி காகிதத்தின் பின்பக்கம் வரை பதிந்திருந்தது, அவ்வளவு அழுத்தம். பிற விவரங்கள்: "பஸ்டர் என் கட்டிலில் தூங்குகிறதா?" அக்கா, எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பூனை கிடையாது. ஒரு தங்கமீன் இருந்தது, அதுவும் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பெயர் டாக்டர் கோல்ட்ஃபார்ப். துக்கம் முற்றி என் பிள்ளைக்கு இல்லாத நாய் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். டெப்ரா பள்ளிக்கூடத்து நர்ஸ் அல்லவா, "அவ ஏதாவது புஸ்தகம் படிச்சிருப்பா, விடு" என்றாள். எப்படி விடுவது? கிடப்பது கிடக்கட்டும் என்று விட்டிருந்தால் எங்கள் பிரிவில் எத்தனை பொய்க் கோரிக்கையைக் கோட்டை விட்டிருப்போம்! நான் உடனே பதில் எழுதினேன். பஸ்டர் சௌக்கியம், உன் கட்டிலில்தான் தூங்குகிறது, குறட்டை வேறு விடுகிறது என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

இரண்டாவது படிவம். தாங்க முடியவில்லை. "எல்லாரும் வீட்டுக் கடிதம் படிக்கும்போது நான் ஷூவைத் துடைக்கிறேன்." மூன்றாவது. தாங்க முடியவில்லை. "சாப்பிடும்போது எல்லாரும் பாடுகிறார்கள். எனக்கும் வார்த்தை தெரியும். பாடுவதில்லை." நான்காவதில், "வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" ஐந்தாவதில் இப்படி: "வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்." இந்த ஐந்தாவதைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் ஒரு மனிதனுக்கு, அவன் வேண்டுமென்றே கேரேஜ் கதவில் மோதியது தெளிவாகத் தெரிந்தும், முழு இழப்பீடு கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம் கண்ணே, எங்கேயும் போகவில்லை, வாசல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, நீ எப்போது வந்தாலும் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்று எழுதினேன். நான் இப்படியெல்லாம் எழுதுவேன் என்று எனக்கே தெரியாது, அக்கா.

படங்களில் என்னவோ தாலியா ஈயென்று இளித்துக்கொண்டு இருந்தாள். படகிலிருந்து தலைகீழாக விழுகிறாள், சிரிப்பு. முகமெல்லாம் மாவு, சிரிப்பு. "அவ சந்தோஷமாத்தான்டா இருக்கா" என்றாள் டெப்ரா. சிரித்த முகத்தோடு வந்து பொய்க் கோரிக்கை கொடுத்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! முகத்தை நம்பாதே, படிவத்தை நம்பு என்பதுதான் எங்கள் தொழில். அங்கிள் ஸ்கிப்புக்குப் போன் போட்டேன். "உங்க பொண்ணா? அவ வாயை மூட வைக்கத்தான் சார் எங்ககிட்ட ஆள் பத்தல" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். எல்லாரும் சேர்ந்து ஏதோ மறைக்கிறார்கள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

போன சனிக்கிழமை பெற்றோர் நாள். ஏழு மணி நேரம் ஓட்டினேன். காரின் பின் இருக்கைகளில் ஒன்றை விட்டு மற்றதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன், அவள் பெட்டியை ஏற்ற இடம் வேண்டுமல்லவா. கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்பதே திட்டம், டெப்ராவிடம் சொல்லவில்லை. வாசலில் கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருந்தார்கள், இருநூறு பெற்றோர், ஆளுக்கொரு ஐஸ் பெட்டி. பத்து மணிக்கு விசில் ஊதிக் கயிற்றை இறக்கினார்கள் பார், எனக்கு முன்னால் நின்ற இதய அறுவை டாக்டர் ஒருவர் ஒரு தாயை முழங்கையால் தள்ளிவிட்டு ஓடினார். வழுக்கை வக்கீல்கள் ஓடினார்கள். பேகல் ரொட்டி உருண்டது. புகைபோட்ட சால்மன் மீன் பொட்டலம் ஒன்றைப் பத்துப் பேர் மிதித்துக்கொண்டு போனார்கள். டெப்ராவும் வெறி பிடித்த மாதிரி ஓடினாள், நான் கண்ணியமாக நடந்து போனேன்.

தாலியா என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். உடம்பு முழுக்கச் சேறு, ஒரு பல் காணவில்லை.

"என்னப்பா முகம் இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"அப்பா வந்துட்டேன்ல, இனி பயம் இல்ல. பெட்டியை எடுத்துக்க."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போறோம். உன்னால தாங்க முடியலைன்னு அஞ்சு வாட்டி எழுதினியேடி!"

பால் கொட்டினதை ஒப்புக்கொள்கிற அதே குரலில் சொன்னாள். "ஐயோ, அதா? அதை நான் எழுதலப்பா. மார்கோ எழுதினா. என் பக்கத்துக் கட்டில்."

"என் படிவத்தை வேற ஒருத்தி ஏன் நிரப்பணும்?"

"நான்தான் நிரப்ப உட்கார்ந்தேன். ஆனா வீட்டு ஞாபகத்துல நாலு கட்டம்தானே போட்டிருக்கீங்க? எனக்கு வீட்டு ஞாபகமே வரலப்பா. 'இல்லை'ன்னு போட எடமே இல்ல. பொய் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அதான் யாருக்கு நிஜமா ஞாபகம் வருதோ அவகிட்ட குடுத்தேன். மிட்டாய் கேப்பான்னு நெனச்சேன், சும்மாவே எழுதறேன்னுட்டா."

அக்கா, டெப்ரா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது, இது 1985-இல் அதே முகாமில் வந்த அதே வகை வலி. நாலு கட்டம் போட்டவன் நான். 'இல்லை' என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. மோதாத காருக்குக்கூடக் கட்டம் போட்டவன்! என் பிள்ளை என்னை நினைக்காமல் மூன்று வாரம் இருப்பாள் என்று என் புத்தியில் ஏறவில்லை. எனக்குக் கோபம் வந்தது, துக்கமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

"அப்ப நான் எழுதின பதிலெல்லாம்?" என்றேன்.

"அவகிட்டதான் குடுத்தேன். தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கா. ரொம்ப நல்லா எழுதறீங்கன்னு சொன்னா."

மார்கோ அவர்கள் குடிலின் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பிள்ளை, ஒழுங்காகச் சீவின தலை, பளபளவென்று ஷூ. அவளைப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. அம்மாவோ, அப்பா வருவார் என்று நினைத்தாளாம்; அப்பாவோ, அம்மா வருவாள் என்று நினைத்தாராம். அவர்களுக்குள் பேச்சு கிடையாது. வக்கீல்கள்தான் பேசிக்கொள்கிறார்கள், அவர்கள் இந்தத் தேதியைப் பேச மறந்துவிட்டார்கள். நான் போய் நின்றதும் எழுந்து கை கொடுத்தாள்.

"சாரி அங்கிள். மோசடின்னு புகார் பண்ணுவீங்களா?"

"ஒனக்கு வீடு இருக்குல்லம்மா? அங்க எழுதறதுக்கென்ன?"

"எந்த வீட்டுக்குன்னு தெரியல. பழைய வீட்டை வித்தாச்சு. வெறும் உறையை ஒட்டிப் பெட்டியில போட்டேன், அவங்க பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. உங்க படிவத்துல முகவரி ரெடியா இருந்துச்சு."

"பஸ்டர்?"

"நிஜ நாய்தான். அப்பாவோட டென்வர் போயிடுச்சு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்குப் பஸ்டரைத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அங்கிள். ஆனா அது என் கட்டில்ல தூங்குதுன்னு எழுதினீங்கல்ல, அன்னிக்கு நான் தூங்கிட்டேன்."

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். நாலு பேரும் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பெண் மூன்று பேகல் தின்றாள், சால்மனைத் தனியாக உருட்டி உருட்டித் தின்றாள், அதற்குள் தாலியா வாயை மூடாமல் படகு, தவளை, பல் விழுந்த கதை எல்லாம் சொன்னாள். மார்கோ இரண்டு தடவை சிரித்தாள். நான் எண்ணினேன்.

நாலு மணிக்கு மறுபடி விசில். பெற்றோர் வெளியேற வேண்டும், மீந்த தின்பண்டத்தை ஒப்படைக்க வேண்டும், சிறைக்கு வந்துபோகிற மாதிரிதான். அப்போது தாலியா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வர வேண்டியவள். அதற்கப்புறம் இன்னொரு மூன்று வாரம் நடக்கிறது, நீ எப்போதும் இருப்பாயே, அந்த இரண்டாம் பகுதி. மார்கோவை அதுவரை அங்கேயே வைத்திருக்கப் போகிறார்களாம், வக்கீல்கள் இன்னும் பங்கு பிரித்து முடிக்கவில்லையாம்.

"நானும் இருக்கட்டுமாப்பா? ப்ளீஸ்ப்பா. நான் போயிட்டா அவ பக்கத்துக் கட்டில் காலியாயிடும்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்டிப்பாக, ஒரே வார்த்தையில். அவள் அழுதாள், அன்று அவள் அழுதது அதற்கு மட்டும்தான். அக்கா, நான் கல்நெஞ்சன் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டிய மட்டும் கடிதம் எழுதத் தயார். ஆனால் என் பிள்ளை என் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று வாரமாக அவள் அறைக் கதவைத் திறந்து, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாத்துகிறேன், அந்த ஜன்னல் ஜூன் மாதத்திலிருந்து சாத்தித்தான் இருக்கிறது. ஓரம் நறுக்கிக் கொடுக்கப் பிள்ளை இல்லாமல் சாண்ட்விச்சை ஓரத்தோடேயே தின்கிறேன். ஊரில் எத்தனையோ குடும்பம் உடையும், அதற்கெல்லாம் நான் என் பிள்ளையைக் காவலுக்கு வைக்க முடியுமா? நீயே நியாயம் சொல்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். வருகிற சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நின்று தாலியாவை அழைத்து வருவேன். இந்த ஜென்மத்தில் இனி முகாம் என்ற பேச்சு இந்த வீட்டில் எழக் கூடாது. விக்கனூசிட் பழைய மாணவர்கள் கூட்டத்தில் நீ அவளைப் பற்றிப் பெருமை பேசுவதை இன்றோடு நிறுத்தவும். போனில் பாடிக் காட்டவும் வேண்டாம். என் தீர்மானத்தை யாரும் மாற்ற முடியாது, என் மனைவி உட்பட.

மெல்வின் அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் நூறாண்டு உழைக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்களும் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் புத்தி பெறட்டும்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உன் பேச்சைக் கேட்டு வந்த தம்பி,
ஹோவர்ட்

பி.கு.: அண்ணி, இது டெப்ரா. தபாலில் போடச் சொல்லி உங்கள் தம்பி இதை என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன், படிக்கத்தானே கொடுத்தார். சில திருத்தங்கள். முழங்கையைப் பார்த்து அழுதது நான் இல்லை. கயிறு இறங்கினதும் கண்ணியமாக நடந்தவரும் அவர் இல்லை, அந்த டாக்டரையே முந்திக்கொண்டு ஓடினார், சால்மனை முதலில் மிதித்தது அவர்தான். முடிவைப் பற்றி: இந்தக் கடிதத்தை நேற்று எழுதினார். இன்று காலை அலுவலகம் போகாமல் அங்கிள் ஸ்கிப்பைக் கூப்பிட்டு, தாலியா இன்னும் மூன்று வாரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். முகாமிலிருந்து ஒப்புதல் தாள் அனுப்பினார்கள். அதில் காரணம் என்று ஒரே ஒரு கோடு. உங்கள் தம்பி அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவள் தோழி தனியாக இருப்பாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் கேரேஜுக்குப் போய்க் காரின் பின் இருக்கைகளைத் திருப்பி மாட்டுகிறேன் என்றார். ரொம்ப நேரமாக வரவில்லை என்று போய்ப் பார்த்தால், மாட்டின இருக்கையிலேயே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் மூன்று வாரம், அண்ணி. ஒரு வாரத்துக்காவது இவரை ஃப்ளோரிடாவுக்கு உங்களிடம் அனுப்பி வைக்கட்டுமா? நன்றாகச் சாப்பிடுவார், யார் வம்புக்கும் போக மாட்டார். நாலாவது நாளே திருப்பி மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.